பினேயின் பெண்மக்கள்

மனத்தின் இயல்பை அளக்க முற்பட்ட பிரெஞ்சு உளநூல் அறிஞர் ஆல்பிரெடு பினே என்பார்க்கு அவர்தம் இல்லமே ஆய்வுக்களமாயிற்று. நடை பயிலும் பருவத்திலேயே அவருடைய பெண்மக்கள் இருவரும் வேறுபட்டு நின்றனர். மூத்தவளான மதலேன், பற்றிக்கொள்ள நாற்காலியோ மேசையோ உள்ள இடம் நோக்கியே, சிரிப்பின்றி, அடிமேல் அடிவைத்து நடந்தாள். இளையவளான ஆலிஸ், பற்றுக்கோடு எதனையும் கருதாது, கலகலவென நகைத்தபடி அறையின் நடுவே தள்ளாடிச் சென்றாள்.

அவர்கள் வளர்ந்தபின், மனத்தில் தோன்றும் இருபது சொற்களை எழுதுமாறு தந்தை பணித்தார். மூத்தவளின் தாளில் கண்ணெதிரே உள்ள பொருள்களின் பெயர்கள் மிகுந்தன. இளையவளின் தாளிலோ கற்பனையும் அருவக் கருத்துகளும் மிகுந்தன. ஒரே வீட்டில் வளர்ந்தோர்க்குள்ளும் இத்துணை வேற்றுமை! இவ்வாய்வு 1903-இல் நூலாக வெளிவந்தது. மக்களையே ஆய்வுப்பொருளாக்கிய தந்தை, நூலில் அவர்தம் பெயர்களை மட்டும் மாற்றியே எழுதினார்.

1905-இல் தியோடர் சிமோனுடன் கூடி, பள்ளியில் பின்தங்கும் சிறுவரைக் கண்டறிய 30 சோதனைகள் கொண்ட அளவுகோலை அமைத்தார். அறிவின் அளவு என்றும் மாறாதது என்று சிலர் கூறியதை 1909-இல் வன்மையாக மறுத்தார். அத்தகைய சிறுவரின் கவனத்தை வளர்க்க, குறிப்புக் கிடைத்ததும் சிலைபோல் அசையாது நிற்கும் விளையாட்டு அவர் போற்றிய பயிற்சிகளுள் ஒன்று.