கோகுலாஷ்டமிக்கு மறுநாள்

எங்கள் சித்தூர்ப் பக்கத்துக் கட்சிக்காரர்கள் வக்கீல் வீட்டுக்கு வந்தால் மஞ்சள் பை நிறையக் காகிதம் இருக்கும். பாஸ்புக், அடங்கல், தாத்தா காலத்துப் பாகப்பத்திரம். 2021 செப்டம்பரில் நகரியிலிருந்து வந்த டீச்சரின் பையில் இருந்தது கண்ணாடித் தாள் சுற்றிய ஒரு பொக்கே. ஜெர்பெராக்கள் தலை தொங்கிக் கிடந்தன. ரோஜா கறுத்திருந்தது. ரிப்பன் மட்டும் புதுசு போல மின்னியது.

"இதுக்குக் கேஸ் போட முடியுமா சார்?"

"இது எவ்வளவு டீச்சர்?"

"ஆயிரத்து எண்ணூத்து ஐம்பது. பையன் சிங்கப்பூர்லேர்ந்து கட்டினான்."

என் ஃபீஸ் அதைவிட அதிகம் என்று நேராகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பணத்துக்கு வரல சார். என் பையன் பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சு. நாற்பது பேர் எதிரே."

பிறகு நடந்ததைச் சொன்னார். ஆகஸ்ட் 31 அவர் பணி ஓய்வு பெற்ற நாள். அப்போது ஆந்திர அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயது 60. கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு பள்ளிகள் திறந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. மகனால் வர முடியாத காலம். வர முடியாதவன் பூ அனுப்பினான். பூங்கொத்து வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஒரு கம்பெனியின் தளத்தில் நகரியின் பின்கோடைப் போட்டிருக்கிறான். "இங்கே டெலிவரி உண்டு" என்று வந்திருக்கிறது. ஆகஸ்ட் 27-ஆம் தேதியே ஆர்டர். பொக்கே 1,650 ரூபாய். காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவே கொண்டுவந்து சேர்க்க, தனியாக 200 ரூபாய்.

ஆகஸ்ட் 31, பள்ளியில் பிரிவு விழா. காலை பத்தேகாலுக்கு அவன் செல்போனில் "டெலிவரிக்குக் கிளம்பிவிட்டது" என்று தகவல் வந்தது. உடனே தலைமையாசிரியரைக் கூப்பிட்டுச் சொன்னான். அவர் நல்ல மனுஷர். மைக்கைப் பிடித்து, "டீச்சரோட பையன் சிங்கப்பூர்லேர்ந்து பூ அனுப்பியிருக்காரு, வந்துகிட்டே இருக்கு, அஞ்சு நிமிஷம்" என்றார். அந்த அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆனது. மண்டலக் கல்வி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகள் நெளிந்தார்கள். கடைசியில் சால்வை போர்த்தி, சந்தன மாலை போட்டு முடித்துவிட்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில் யாரோ, "சிங்கப்பூர்ப் பூ நீந்தி வருது போல" என்று சொல்லிச் சிரித்தது டீச்சர் காதில் விழுந்தது. பூ வந்தது செப்டம்பர் 2, சாயங்காலம். அதுவரை மகனின் செல்போனில் "கிளம்பிவிட்டது" என்றேதான் இருந்தது.

அந்த ஒரு வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. தாமதம் எல்லாருக்கும் நேரும். ஆனால் கிளம்பாத பூவைக் கிளம்பிவிட்டது என்று சொன்னவர் யார்?

பதில் தேடித் திருப்பதிக்குப் போனேன். பொக்கேயின் அடியில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைப் பிடித்துக்கொண்டு, ரயில் நிலையத்துக்கும் கோவிந்தராஜசுவாமி கோயிலுக்கும் நடுவே ஒரு சந்தில் அந்தக் கடையைக் கண்டுபிடித்தேன். ஒரு ஆள், ஒரு பழைய ஃபிரிட்ஜ், நாலு பக்கெட்டில் பூ. எடுத்ததுமே பயந்துபோனார். நான் சண்டைக்கு வரவில்லை என்று புரிந்ததும் டீ வாங்கிக் கொடுத்துத் தொழிலை விளக்கினார்.

பூ அனுப்பும் கம்பெனிக்குப் பூக்கடை இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஆர்டரை வாங்கி, அந்தந்த ஊர்க் கடைக்காரருக்குத் தள்ளிவிடுவதுதான் வேலை. இந்த ஏற்பாடு நூறு வருஷத்துக்கும் மேற்பட்டது. 1910-ல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் சிலர் ஒன்றுகூடித் தந்தி மூலம் ஒருவர் ஆர்டரை இன்னொருவருக்கு அனுப்பத் தொடங்கியதே அதன் ஆரம்பங்களில் ஒன்று. தந்தி போய் வாட்ஸ்அப் வந்திருக்கிறது, அவ்வளவுதான். பெரிய ஊரில் இது கச்சிதமாக நடக்கும். நகரியில் கனகாம்பரமும் மல்லியும் முழம் முழமாகக் கிடைக்கும். பொக்கே கட்ட ஆள் கிடையாது. ஆகவே ஆர்டர் திருப்பதிக்கு வரும். ரேணிகுண்டா, புத்தூர் தாண்டிப் பைக்கில் ஒரு பையன் கொண்டுபோக வேண்டும். பெட்ரோல் காசு, வெயில், போக வர மூன்று மணி நேரம். 1,850 ரூபாயில் இவருக்கு வந்தது 700.

"எப்போ வந்தது ஆர்டர்?" என்று கேட்டேன்.

செல்போனைக் காட்டினார். செப்டம்பர் 1, காலை ஒன்பது மணி. விழா முடிந்து இருபது மணி நேரம் கழித்து.

சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்டபோது அவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு அவங்க ஆர்டர் நிறுத்திட்டா என் பொழைப்பு போச்சு சார்." அவரை வழக்கில் இழுப்பதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன். அவரிடம் இருக்கும் தகவல் கம்பெனியிடமும் இருக்கும். அங்கிருந்தே அதை வாங்கிக்கொள்ளலாம்.

திருப்பதியில் அமரும் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தோம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பெரிய புண்ணியம்.

எதிர்த்தரப்பு பதிலில் நாலு தடுப்புகள். முதலாவது, அம்மா எங்களுக்கு ஒரு பைசா கட்டவில்லை, அவர் எப்படி நுகர்வோர்? இதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. பணம் கட்டியவரின் சம்மதத்தோடு சேவையின் பலனை அடைபவரும் நுகர்வோர்தான். இரண்டாவது, எங்கள் நிபந்தனைப்படி வழக்கு எங்கள் தலைமையகம் இருக்கும் நகரத்தில்தான் போட வேண்டும். 1986-ஆம் வருஷத்துச் சட்டம் இருந்தவரை இது உண்மையிலேயே தொல்லை. 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் வருஷத்துச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம் என்றுவிட்டது. நகரி டீச்சர் டில்லிக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏற வேண்டியதில்லை. மூன்றாவது, நாங்கள் வெறும் இடைத்தரகர், பூ கொடுத்தது கடைக்காரர். நான் பில்லை எடுத்து வைத்தேன். அதில் கம்பெனியின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் தவிர வேறு யார் பெயரும் இல்லை.

நாலாவதுதான் கனமானது. எங்கள் பொறுப்பு ஆர்டர் தொகைக்கு மேல் போகாது என்று நிபந்தனையில் இருக்கிறது என்றார்கள். துணைக்கு உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் வருஷத்துப் பாரதி நிட்டிங் தீர்ப்பு. பின்னலாடைகளை ஜெர்மனிக்கு அனுப்பிய கம்பெனி, அதற்கான ஆவணங்களைக் கூரியரில் கொடுத்தது. உறை போய்ச் சேரவில்லை. மறுபிரதி போவதற்குள் கோடைக்கால விற்பனை முடிந்துவிட்டது. சரக்கை வாங்கியவர் விலையைக் குறைத்துவிட்டார். ஆனால் அனுப்பியவர் கையெழுத்திட்ட சீட்டில் பொறுப்பு 100 டாலர் என்று இருந்ததால், அதற்கு மேல் கிடையாது என்று தீர்ப்பானது. பருவம் தவறிய சரக்கு, நாள் தவறிய பூ. எங்கள் வழக்குக்கு அண்ணன் தம்பி போல் இருந்தது.

இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். நிபந்தனையே அநியாயம் என்று வாதாடலாம். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகார் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். விஜயவாடாவுக்கு டீச்சரை அலைக்கழிக்க மனசில்லை. கடைசியில் ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவுக்குப் போனேன். ஒப்பந்தம் செய்யும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டத்துக்கு ஈடு உண்டு என்பது அதன் சாரம். ஆர்டர் படிவத்தில் "என்ன விசேஷம்" என்று ஒரு கட்டம் இருந்தது. மகன் "ரிடையர்மென்ட்" என்று போட்டிருந்தான். ஆகவே இது நாளைக்கும் செல்லுபடியாகும் பூ இல்லை என்று கம்பெனிக்குத் தெரியும். அதுவுமல்லாமல் அந்த 200 ரூபாய்க்கு அவர்கள் விற்றது பூவை அல்ல, இரண்டு மணி நேரத்தை. பாரதி நிட்டிங் வழக்கில் கூரியர்காரர் சேர்க்கத் தவறினார்; சேர்க்கக் கிளம்பிவிட்டேன் என்று யாரையும் நம்பவைக்கவில்லை. தாமதத்துக்கு வரம்பு கட்டலாம். பொய்க்கு எப்படிக் கட்டுவது?

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் இன்னொன்றும் சொன்னார். ஆகஸ்ட் 30 கோகுலாஷ்டமி. திருப்பதியில் பூத் தட்டுப்பாடு. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பெருமாளுக்குப் பூ வளர்க்க என்றே ராமாநுஜரின் சீடர் அனந்தாழ்வான் குடியேறிய மலை அது. நந்தவனத்துக்குக் குளம் வெட்டிய அவருடைய கடப்பாரை இன்றும் கோயில் மகாதுவாரத்தில் தொங்குகிறது. அந்த ஊரில் பூ இல்லை என்பதா? ஆனால் நியாயமாகச் சொன்னால் அவர் வாதத்தில் பாதி உண்மை. சாமந்தியும் துளசியும் மாலை கட்டுவதற்கு. ஜெர்பெராவும் கார்னேஷனும் ஓசூர், பெங்களூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்ந்து குளிரூட்டி வர வேண்டிய பூ. பண்டிகை நெரிசலில் அது தடுமாறியிருக்கலாம்.

ஆகவே கடப்பாரையை எடுக்காமல் இவ்வளவுதான் சொன்னேன்: "கோகுலாஷ்டமி திடீரென்று வந்த புயல் இல்லை. பஞ்சாங்கத்தில் இருக்கிறது. 27-ஆம் தேதி பணம் வாங்கும்போதும் இருந்தது. பூ இல்லை என்றால் 30-ஆம் தேதி ஒரு வரி சொல்லியிருக்கலாம். மகன் நகரியிலேயே நாலு முழம் மல்லிக்கு ஏற்பாடு செய்திருப்பான்." கூடவே, கடைக்காரருக்கு ஆர்டர் எப்போது அனுப்பப்பட்டது, "கிளம்பிவிட்டது" என்ற செய்தி எதை வைத்துப் போனது, இரண்டுக்குமான பதிவுகளைத் தாக்கல் செய்யச் சொல்லி ஒரு மனு. ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.

அடுத்த வாய்தாவில் பதிவுகள் வரவில்லை. சமரசத்துக்குத் தயார் என்ற பேச்சு வந்தது.

2019-ஆம் வருஷத்துச் சட்டம் மத்தியஸ்தத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. நான் தொகையை மனதில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் மத்தியஸ்தரிடம், "எங்க ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் வேணும்" என்றார். பூ கிளம்பாதபோதே கிளம்பியதாகச் செய்தி போனது எங்கள் தவறு, ஆர்டர் கொடுத்தவர் சொன்னது எங்கள் செய்தியை நம்பித்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆணையம் தரக்கூடிய நிவாரணங்களின் பட்டியலில் பணம் திரும்பும், ஈடு வரும், செலவு வரும். தலைமையாசிரியருக்குக் கடிதம் வராது. நான் எவ்வளவு நன்றாக வாதாடி ஜெயித்திருந்தாலும் அவர் கேட்க வந்ததை வாங்கிக் கொடுத்திருக்க முடியாது. அன்று அது எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

கம்பெனி வக்கீல் போனில் யாருடனோ அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து ஒப்புக்கொண்டார். 1,850 ரூபாய் திரும்ப, 15,000 ஈடு, ஒரு கடிதம். இதற்குள் 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது; நகரி சித்தூரோடு நின்றது. "கேஸ் முடியறதுக்குள்ள ஜில்லாவே ரெண்டாயிடுச்சே சார்" என்றார் டீச்சர். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கடிதம் வந்த அன்று நின்றபடியே படித்தார். இரண்டாம் வரியில் பள்ளியின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. கை தானாகப் பைக்குள் போய்ச் சிவப்பு மைப் பேனாவை எடுத்தது.

"டீச்சர், அது ஒரிஜினல்!" என்று கத்திவிட்டேன்.

"தெரியும் சார்" என்று பேனாவை மூடாமலே என் குமாஸ்தாவிடம் காகிதத்தை நீட்டினார். "ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாப்பா. அதுல திருத்திக்கறேன்."