மரங்களுக்கு மேலே ஒரு சாலை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், எஸ்டஸ் பார்க்கிலிருந்து கிராண்ட் லேக் வரை ராக்கி மலைத் தேசியப் பூங்காவைக் குறுக்கே கடக்கிறது டிரெயில் ரிட்ஜ் சாலை. மொத்தம் 77 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் மரமே வளராத உயரத்தில் போகிறது. உச்சி 3,713 மீட்டர். இப்படியொரு நிலத்தில் சாலை போட்டதே தவறு என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் புல்வெளியைச் சாலையைவிட அதிகம் கெடுப்பது, சாலையிலிருந்து இறங்கி நடக்கும் கால்கள்தான். கால்களை ஓரிடத்தில் கட்டுப்படுத்தும் சாலை அந்த நிலத்துக்குக் காவலாகவும் இருக்க முடியும்.

கிழக்கிலிருந்து ஏறும்போது முதலில் பைன் காடு, பிறகு ஸ்புரூஸும் ஃபிரும். சுமார் 3,500 மீட்டரில் அவையும் தோற்றுப்போகின்றன. காற்றோடு வரும் பனித்துகள்கள் மொட்டுகளை அறுத்துவிடுவதால், காற்று மோதும் பக்கம் மொட்டையாகி மறுபக்கம் மட்டும் கிளை விட்ட மரங்கள் இங்கே நிற்கின்றன. இன்னும் மேலே போனால் முழங்கால் உயரத்துக்குமேல் எதுவும் இல்லை. மாஸ் கேம்பியன் என்ற செடி பஞ்சுத் திண்டுபோல் தரையோடு ஒட்டிக்கிடக்கிறது. இலைகள் நெருங்கி அடைந்திருப்பதால் உள்ளே வெப்பம் தங்குகிறது. ஆணிவேர் ஆழமாக இறங்கிக் கல்லிடுக்கைப் பற்றிக்கொள்கிறது. வளர்வதற்குக் கிடைப்பது கோடையில் சுமார் இரண்டு மாதம். அது ஒரு தட்டளவு பரவப் பல பத்தாண்டுகள் ஆகும்.

மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும் காற்றையே தாங்கும் செடிக்குச் செருப்புக்கால் எம்மாத்திரம் என்று கேட்கலாம். இதற்கு விடை ராக் கட் என்ற நிறுத்தத்தில் இருக்கிறது. பீட்ரிஸ் வில்லார்ட் என்ற தாவரவியலாளர் 1950களின் இறுதியில் அங்கும் ஃபாரஸ்ட் கேன்யன் முனையிலும் மிதிபட்ட சிறு துண்டு நிலங்களுக்கு வேலி போட்டு, என்ன மீள்கிறது என்று பல ஆண்டுகள் அளந்தார். சில பருவங்கள் மிதித்ததே செடிகளை அழிக்கப் போதுமாயிருந்தது. மண்ணும் போய்விட்ட இடங்கள் பழைய நிலைக்குத் திரும்ப நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும் என்பது அவர் கண்ட முடிவு. அந்த வேலித் துண்டுகள் 2007இல் அமெரிக்க தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அந்த மரியாதைக்கு அவை முற்றிலும் தகுதியானவை. குளிரும் காற்றும் இச்செடிகள் பழகிய பகை. திரும்பத் திரும்ப நசுக்கும் எடை அப்படியல்ல. இன்று ராக் கட்டில் நடப்பதற்கென்று தளமிட்ட பாதை இருக்கிறது.

அப்படியானால் சாலையையே மூடிவிடலாமே? 1932இல் திறந்த பகுதியைக் கட்டியவர்கள் வெட்டியெடுத்த புல்தரையைப் பத்திரப்படுத்திச் சரிவுகளில் திரும்பப் பதித்தார்கள். வெடிவைத்த கற்கள் சிதறாமல் கட்டைகளால் தடுப்பு எழுப்பினார்கள். சாலையால் ஏற்பட்ட காயத்தின் பெரும்பகுதி அன்றே முடிந்துபோன கணக்கு. இனி மூடினாலும் அந்தப் பட்டை உடனே புல்லாகாது. தவிர, இன்றைய பெரிய ஆபத்து இந்தச் சாலை வழியாக வருவதுமில்லை. கீழே சமவெளியின் வாகனங்கள், மாட்டுப் பண்ணைகள், உரமிட்ட வயல்கள் விடும் நைட்ரஜன் காற்றில் ஏறி மழையாகவும் பனியாகவும் இங்கே இறங்குகிறது. வறிய மண்ணுக்குப் பழகிய பூச்செடிகளை அந்த உரத்தில் செழிக்கும் கோரைகள் நெருக்குகின்றன. இதைக் குறைக்க மாநில அரசும் கூட்டாட்சி அமைப்புகளும் 2007இல் ஒரு திட்டத்துக்கு ஒப்புக்கொண்டன. வெப்பமும் அப்படித்தான் ஏறுகிறது. கற்குவியலுக்குள் உலர்ந்த புல் சேர்த்துக் குளிர்காலத்தைக் கடக்கும் பிக்கா என்ற சிறு விலங்கு, சற்று அதிக வெயிலையே தாங்காது. ஏற்கெனவே உச்சியில் இருப்பதற்கு மேலே போக இடமும் இல்லை.

சாலை கடக்கும் மில்னர் கணவாயில் நீர் கிழக்காகவும் மேற்காகவும் பிரிகிறது. மேற்கே இறங்கினால் கவனீச்சி பள்ளத்தாக்கில் கொலராடோ ஆறு சிற்றோடையாக ஓடுகிறது. 2020 அக்டோபரில் இந்தப் பக்கம் எரிந்த ஈஸ்ட் டிரபிள்சம் தீ, மரமற்ற முகட்டையும் தாவிக் கிழக்கே எஸ்டஸ் பார்க் பக்கம் விழுந்தது. வேலியால் தடுக்க முடியாதவை இவை. ஆனால் வெப்பமும் நைட்ரஜனும் நெருக்கும் செடிக்கு மிதியையும் சேர்த்துக் கொடுக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்குமேல் வரும் பூங்காவில், 2020 முதல் கோடைக்கால நுழைவுக்கு நேரம் முன்பதிவு செய்யவேண்டும். பொதுச்சொத்துக்குச் சீட்டு எதற்கு என்ற முறைப்பாடு நியாயமற்றதல்ல. தொலைவிலிருந்து நினைத்தபடி வருபவருக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் வாகன நிறுத்தம் நிரம்பியதும் ஓரத்துப் புல்மேல் ஏறும் சக்கரத்தைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை. கூட்டம் கூடுகிறது என்று நிறுத்தங்களை விரிக்காமல், முன்பதிவைத் தொடர்வதே சரி.