பிள்ளையைப் பழிக்கும் முன் அவன் பொழுதைப் பாருங்கள்

"அடியாத மாடு படியாது", "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" – இந்த இரண்டு பழமொழிகளும் நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிறவை. முதலாவது பிள்ளையின் முதுகுக்கு. இரண்டாவது அவனைப் பெற்றவளின் மனசுக்கு. ஒரு குழந்தை எடுத்தான், கடித்தான், பொய் சொன்னான் என்றால், பழியை யார் தலையில் வைக்கலாம் என்றுதான் முதலில் பார்க்கிறோம். அவன் எத்தனை மணிக்கு எழுந்தான், என்ன சாப்பிட்டான், பள்ளிக்கூடம் விட்டபின் எங்கே இருந்தான் என்று கேட்கிறவர்கள் குறைவு.

நான் மனோதத்துவம் படித்தவள் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்திவிட்டு, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். இருபது வருஷமாக எங்கள் தெருவில் கண்ணால் பார்த்ததையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் ஊர் கம்பம். வெளியூர்க்காரர்களுக்குப் பன்னீர் திராட்சையும் சுருளி அருவியும்தான் நினைவுக்கு வரும். இருட்டுப் பிரியும் முன் எங்கள் தெருவுக்கு வந்தால் இன்னொரு கம்பத்தைப் பார்க்கலாம். வரிசையாக ஜீப்புகள் வந்து நிற்கும். தலையில் துண்டும் கையில் தூக்குச் சட்டியுமாகப் பெண்கள் ஏறுவார்கள். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் வேலை செய்துவிட்டு, பொழுது சாயத்தான் திரும்புவார்கள். போடி, தேவாரம், கோம்பை பக்கமும் இதே கதைதான். நம் பாயசத்தில் மணக்கிற ஏலக்காய்க்குப் பின்னால், வெள்ளன எழுந்து போன ஒரு தாயும் வீட்டில் தனியாகக் கிடந்த ஒரு பிள்ளையும் இருக்கலாம்.

அப்படி ஒரு பிள்ளை எங்கள் தெருவில் இருந்தான். 2022-இல் மூன்றாம் வகுப்பு. "சோத்துத் திருடன்" என்று அவனுக்குப் பட்டப்பெயர். பக்கத்துப் பையன்களின் டிபன் டப்பாவைத் திறந்து தின்றுவிடுவான். கேட்டால் கையை ஓங்குவான். பள்ளியிலிருந்து சொல்லியனுப்பினால் அவன் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். அந்த ஆத்திரத்தில் அவளும் வாசலில் வைத்தே அடிப்பாள். "ஆத்தா மலைக்குப் போயிட்டா பிள்ளை இப்படித்தான்" என்று திண்ணையில் தீர்ப்பும் ஆகிவிட்டது.

எனக்கு ஒன்று உறுத்தியது. புகார் வந்ததெல்லாம் காலை நேரத்தில்தான். மத்தியானம் சத்துணவு சாப்பிட்ட பிறகு ஒரு நாளும் இல்லை. பென்சிலையோ காசையோ அவன் தொட்டதே இல்லை. ஒரு நாள் அவன் அம்மாவிடம் மெல்லக் கேட்டேன்.

"காலையில என்ன தாயி சாப்பிடுறான்?"

"ராத்திரிச் சோத்துல தண்ணி ஊத்தி வச்சிட்டுத்தான் போறேன் மதினி. எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான?"

அவனையே கேட்டேன். "பாப்பாவுக்கு ஊட்டிட்டேன் பெரியம்மா. அவ பசிச்சா அழுவா" என்றான். நாலு வயசுத் தங்கைக்குச் சோறு ஊட்டி, தலை சீவி, அங்கன்வாடியில் விட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு ஓடியிருக்கிறான். அந்தப் பிள்ளைக்குத்தான் நாங்கள் திருடன் என்று பெயர் வைத்திருந்தோம்.

நம் தமிழ்நாட்டில் பசிக்கும் படிப்புக்கும் உள்ள சம்பந்தம் முன்பே புரிந்துகொள்ளப்பட்டது. காமராஜர் காலத்தில் மதிய உணவு வந்தது; 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஆனால் மத்தியானம் வரை தாங்குவது எப்படி? அதற்குத்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சாம்பாரோடு சூடாகக் கிடைக்கிறது. எங்கள் தெருப் பையனுக்கும் கிடைத்தது. டிபன் டப்பா புகார் அதோடு நின்றது. யாரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. வயிறு நிறைந்தது, அவ்வளவுதான்.

ஆனால் சாயந்திரக் கோபம் போகவில்லை. பள்ளி விட்டபின் அம்மா வரும் வரை பூட்டிய வீட்டு வாசலில் இருப்பான். நாயைக் கல்லால் அடிப்பான். சின்னப் பிள்ளைகளைத் தள்ளிவிடுவான். தங்கையையும் கூட்டிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வரச் சொன்னேன். ஒரு கை சுண்டல், குடிக்கத் தண்ணீர், பிறகு ஏதாவது வேலை. மொச்சை உரிப்பான், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான், பழைய பேப்பரை அடுக்குவான். கையில் வேலை இருந்தால் வம்பு இல்லை.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. நூறு வருஷத்துக்கும் முன்னால் ரோம் நகரில் ஓர் அம்மையார் காட்டிய வழி. அங்கே சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போய்விடுவார்கள். தனியே விடப்பட்ட சின்னக் குழந்தைகள் மாடிப்படிகளில் ஓடி, சுவரைக் கிறுக்கிப் பாழாக்கின. கட்டிடத்தைக் காப்பாற்றவேண்டுமே என்று உரிமையாளர்கள் ஒரு ஏற்பாடு செய்து, டாக்டர் மரியா மாண்டிசோரியை அழைத்தார்கள். 1907 ஜனவரி 6-இல் 'குழந்தைகள் இல்லம்' திறந்தது. அவர் பிரம்பை எடுக்கவில்லை. பிள்ளைகள் உயரத்துக்கு மேஜை நாற்காலி போட்டார். பொத்தான் மாட்ட, கூட்ட, துடைக்க, கை கழுவ என்று கைக்கு வேலை கொடுத்தார். சுவரைக் கிறுக்கிய அதே பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்து வேலை செய்ததைப் பார்க்கப் பல நாட்டவர் வந்தார்கள். பிள்ளைகளை மாற்றவில்லை, இடத்தை மாற்றினார்.

அந்த அம்மையார் நம் ஊர்ப்பக்கமும் வாழ்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், யுத்த காலத்தில், 1942 முதல் 1944 வரை, கொடைக்கானலில் இருந்தார். பெரியகுளத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிறதே, அதே கோடை மலை!

சூழ்நிலை என்றால் வீடும் தெருவும் மட்டும் இல்லை. பிள்ளையின் உடம்பும் அதில் சேர்த்தி. "எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டான், திமிர்" என்று பேர் வாங்கும் பிள்ளைக்குக் காதில் சீழ் வடிந்து கேட்பது குறைந்திருக்கலாம். "எழுதுவதெல்லாம் தப்பு, கவனமில்லை" என்பவளுக்குக் கரும்பலகை தெரியாமல் இருக்கலாம். மண், சாம்பல், சாக்பீஸ் தின்னும் பிள்ளைக்கு இரும்புச் சத்துக் குறைவு இருக்கலாம். வாயில் சூடு போடாமல், டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

படுக்கையை நனைப்பதும் அப்படித்தான். அஞ்சு வயசு வரை அதை வைத்தியர்கள் வியாதியாகவே எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளை வேண்டுமென்று செய்வதும் இல்லை. நின்றுபோன பழக்கம் திரும்ப வந்தால், மலச்சிக்கல் இருக்கிறதா, வீட்டில் புதுக் குழந்தை பிறந்ததா, சண்டை நடக்கிறதா என்று பாருங்கள். நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்தால் நிற்காது, கூடத்தான் செய்யும்.

தூக்கத்தை மறந்துவிடுகிறோம். ஆறு வயசு முதல் பன்னிரண்டு வயசு வரை ஒரு பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அம்மா ஜீப் ஏறும் சத்தத்தில் நாலரைக்கு விழிப்பவன், ராத்திரி டி.வி.யும் செல்போனும் ஓய்ந்து பத்து மணிக்குப் படுத்தால் ஆறரை மணி நேரம்தான் தூங்குகிறான். பெரியவர்களுக்கே எரிச்சல் வரும். அவன் சின்னப் பிள்ளை.

ஆகவே என் யோசனை இது. பிள்ளை அடம்பிடித்தால் ஒரு வாரம் காலண்டர் தாளின் பின்புறம் குறித்து வையுங்கள். எந்த நேரம், எந்த இடம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, தூங்கியது எவ்வளவு, பக்கத்தில் யார் இருந்தார்கள். பெரும்பாலும் ஏதோ ஓர் ஒழுங்கு தெரியவரும். அதில் மாற்றக்கூடிய ஒன்றை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று ஒருவரைக் கண்டு ஒளிந்தால், ஓர் இடத்துக்குப் போக மறுத்தால், தனியே அழுதால், அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கவே கூடாது. யாராவது துன்புறுத்துகிறார்களா என்று பக்குவமாகக் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம்.

"அப்போ கண்டிக்கவே வேணாங்கிறியா? நாங்க அடிச்சு வளர்க்கலையா?" என்று என் மாமியார் கேட்டார்கள். கண்டிப்பு வேண்டும், அத்தை. அடுத்தவன் டப்பாவைத் தொடக்கூடாது, நாயைக் கல்லால் அடிக்கக்கூடாது என்று திண்ணையில் உட்கார்ந்த முதல் நாளே அவனிடம் சொன்னேன். சொன்னது காதில் ஏற வயிறு நிறைந்திருக்கவேண்டும், மனசு பயமில்லாமல் இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் அடிப்பதை 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்திருக்கிறது.

முக்கியமாக ஒன்று. பிள்ளை மேல் இருந்த பழியை இறக்கி, தாய் தலையில் வைத்துவிடாதீர்கள். சூழ்நிலை என்று சொன்னதும், "அவ ஏன் பிள்ளையை விட்டுட்டு மலைக்குப் போறா?" என்கிறவர்கள் உண்டு. அவள் கூலியில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது. அவள் சூழ்நிலையும் அவள் கேட்டு வாங்கியது இல்லை. குறை சொல்கிற நாலு வீட்டில் ஒரு வீடு சாயந்திரம் இரண்டு மணி நேரம் கதவைத் திறந்து வைத்தால், இரண்டு உயிர்களுக்கு அது ஒத்தாசை.

அந்தப் பையன் இப்போது தொடக்கப் பள்ளியைத் தாண்டிவிட்டான். பட்டப்பெயர் தெருவுக்கே மறந்துவிட்டது. தங்கைக்கு இன்றும் அவன்தான் தலை சீவி விடுகிறான். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு "கெட்ட பிள்ளை" இருந்தால், நாளைக் காலையில் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.