முடிச்சைப் பாரு

ஐப்பசி அடைமழையில் பின்கட்டுத் துவைகல் பக்கமெல்லாம் பாசி. வாளியோடு போனேன், கால் வழுக்கியது. வாளி எங்கோ உருண்டு போனது. அடுத்து நினைவுக்கு வரும்போது இரண்டு உள்ளங்கைகளும் எரிந்துகொண்டிருந்தன. மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கண் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே பெல்ட் இல்லை. ஜூடோவை விட்டு 17 வருஷமாகிறது.

2002-இல் சேர்ந்தபோது எனக்கு 13 வயது. தகரக் கொட்டகை. தென்னை நார் மெத்தைகள்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிய தரை. பாயின் மடிப்பு முழங்காலை அறுக்கும். ஆளைத் தூக்கிப் போடக் கற்றுக்கொள்ளப் போனவளுக்கு முதல் மாதம் முழுக்க விழத்தான் சொல்லிக்கொடுத்தார் மாஸ்டர். உகேமி என்று பெயர். முதலில் உட்கார்ந்தபடி பின்னால் சாய வேண்டும், அப்புறம் குந்தியிருந்து, அப்புறம் நின்று. முதுகு தரையில் படும் அதே நொடியில் கைகளைச் சற்று அகட்டித் தரையை ஓங்கி அறைய வேண்டும். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். தலையைத் தொங்கவிட்டால் பின்மண்டை. "முடிச்சைப் பாரும்மா, பெல்ட் முடிச்சைப் பாரு!" என்று கத்திக்கொண்டே இருப்பார். முடிச்சைப் பார்த்தால் கழுத்து தானாக உள்ளே மடங்கும்.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ சின்ன உடம்புக்காரர். பள்ளியில் பெரிய பையன்களிடம் அடிபட்டு, ஜூஜுட்சு கற்கப் போனவர். 1882-இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். தள்ளுகிறவனை எதிர்த்துத் தள்ளாதே, அவன் தள்ளும் பக்கமே இழுத்துவிடு என்பார் மாஸ்டர். கேட்க நன்றாக இருக்கும். எனக்கு அது உறைத்தது கீழே கிடந்தபோதுதான்.

என்னைவிட 15 கிலோ கூடுதலான ஓர் அக்கா குறுக்கே படுத்து அமுக்குவாள். அப்போதெல்லாம் 25 விநாடி அமுக்கி வைத்தால் ஆட்டம் முடிந்தது, இப்போது 20. முதல் தடவை மூச்சே நின்றதுபோல் உதைத்தேன். உதைக்க உதைக்க இருந்த மூச்சும் போனது. பிறகு பழகிற்று: மூச்சை மெல்ல வெளியே விடு, அவள் பாரம் எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார், இடுப்பை ஒரு சாண் நகர்த்து, முழங்காலை நுழை. முடியவில்லையா, இரண்டு தட்டு. தட்டிய நொடியே பிடி தளர்ந்துவிடும். கழுத்தை நெரிக்கிறவளிடம் கழுத்தைக் கொடுத்தது அந்த இரண்டு தட்டை நம்பித்தான். பிரசவ அறையிலும், அப்பாவை ஐசியுவில் வைத்திருந்த இரவிலும் அந்த அக்காவின் பாரத்துக்கு அடியில் விட்ட மூச்சைத்தான் விட்டேன்.

மாஸ்டர் அடிக்கடி சொன்ன கதை ஒன்று உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஜூடோ முதன்முதலாக இடம்பெற்றது. எடை வரம்பில்லாத பிரிவின் இறுதியில் நெதர்லாந்தின் அன்டோன் கீசிங்க், ஜப்பானின் கமினாகாவை அமுக்கிப் பிடித்து வென்றார். கொண்டாட ஓடி வந்த தன் நாட்டு ரசிகர்களைக் கையை உயர்த்தித் தடுத்தார். தோற்றவர் இன்னும் பாயில் இருக்கிறாரே. இதைச் சொல்லும்போதெல்லாம் மாஸ்டரின் குரல் கம்மும்.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி இந்தக் கட்டிப் புரளல்?" என்று நான் ஜூடோவில் சேர்ந்தபோது மூன்று நாள் பேசாமல் இருந்தவள். என் பின்மண்டையைத் தடவித் தடவிப் பார்த்தாள். அடியில்லை. இப்போதெல்லாம் அவளே சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவளைக் கட்டில் மெத்தையில் உட்கார வைத்தேன். தோளுக்குப் பின்னால் என் கை. மெதுவாகச் சாயச் சொன்னேன்.

"எங்கடி பாக்கச் சொல்ற?"

"முந்தானை செருகியிருக்கே, அதைப் பாரும்மா."