புகையாய்ப் போன தக்காளிக் காசு

தக்காளி கிலோ 5 ரூபாய்க்குப் போன வாரம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்வந்தால் டீசல் காசுகூடத் தேறவில்லை. நம்ம பழைய பிக்கப் மேட்டில் வேறு திணறியது. "டீசல் பம்பைக் கொஞ்சம் திருகி விடுறேன்ணே, பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார் மெக்கானிக். தலையாட்டினேன்.

பிச்சுக்கிட்டுப் போனது நிஜம்தான். பின்னாடியே கரும்புகை. லிட்டருக்கு 11 கொடுத்த வண்டி 9க்கு இறங்கிவிட்டது. காற்று பத்தாமல் டீசல் மட்டும் கூடினால் சரியாக எரியாதாம். "புகையாப் போறது நம்ம தக்காளிக் காசுடா" என்றார் அப்பா.

பம்பைப் பழையபடி வைத்தோம். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் கைப்பிடி புழுதி! புதுசு மாட்டி, டயருக்குக் காற்றடித்து, சும்மா சுமந்த இரும்புக் கேரியரையும் இறக்கினேன்.

இப்போ 12 தருது. மேட்டில் செகண்ட் கியர்தான், ஆனால் திணறவில்லை. எதையும் கூட்டுறதுக்கு முன்னாடி, அடைச்சிருக்கிறதை எடுத்துப் பாருங்க.