சக்கரத்துக்குள் உறையாத பால்

ட்யூப் இல்லாத சைக்கிள் டயர் வாங்கினால் பஞ்சர் தொல்லையே கிடையாது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், கோவையில் ஏதாவது ஒரு சைக்கிள் பட்டறையில் வெள்ளிக்கிழமை மாலையில் போய் உட்கார வேண்டும். வார இறுதியில் சிறுவாணிச் சாலைக்கும் மருதமலைப் பக்கமும் விடியுமுன்னே மிதிக்கக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் அந்த மாலையில்தான் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். "காத்து நிக்க மாட்டேங்குதுங்கண்ணா" என்பதுதான் முக்கால்வாசிப் பேருடைய புகார்.

நான் போன பட்டறை, இப்போதைய பட்டறைக்காரரின் அப்பா காலத்தில் சாலையோரப் பஞ்சர் கடையாக இருந்தது. ட்யூபை முக்கிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி இன்னும் இருக்கிறது. உப்புத்தாளும் சொல்யூஷனும் ஒரு மூலையில் கிடக்கின்றன. மகனுக்கு இப்போது ஐம்பது வயதிருக்கும். விலை உயர்ந்த சைக்கிள்கள் வரிசையாகத் தொங்க, அவர் ஒரு சக்கரத்தைக் கழற்றிக் காதருகே பிடித்து ஆட்டினார்.

"கேக்குதுங்களா சார்?"

எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"அதான் விஷயம். சலக் சலக்குன்னு கேக்கோணும். உள்ள எல்லாம் காஞ்சு போச்சுங்க."

காய்ந்து போனது சீலன்ட். பெரும்பாலான சைக்கிள் சீலன்ட்டுகள் இயற்கை ரப்பர் பால்தான். தண்ணீரில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள், அவை ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் காக்கப் பலவற்றில் அமோனியா, சீக்கிரம் உலராமலிருக்க கிளைக்கால், துளையில் போய் அடைத்துக்கொள்ள நுண்ணிய தூள். முள் குத்தியதும் உள்ளிருக்கும் காற்று வெளியே பாயும். அதோடு பாலும் பாய்ந்து, துளையின் வாயில் உறைந்து அடைத்துவிடும். சாலையில் போகிறவருக்குத் தொடையில் நாலு வெள்ளைச் சொட்டு தெறிப்பதோடு சரி, பல நேரம் பஞ்சர் ஆனதே தெரியாது. ஆனால் இந்த வித்தையெல்லாம் பால் நீர்மமாக இருக்கும்வரைதான். டயர்ச் சுவரின் வழியே தண்ணீர் மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. குளிர்நாட்டில் ஆறு மாதம் தாக்குப்பிடிப்பது நம் ஊர் வெயிலில், மொட்டை மாடியில் நிற்கும் சைக்கிளில், இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும்.

1999இல் மாவிக் நிறுவனம் யூ.எஸ்.டி. என்ற பெயரில் மலைச் சைக்கிளுக்கான ட்யூப்லெஸ் முறையைக் கொண்டுவந்தபோது சீலன்ட் கட்டாயமாக இல்லை. டயரே காற்றை விடாத கனத்தில் இருந்தது. கனம் யாருக்கும் பிடிக்கவில்லை. 2001இல் அமெரிக்காவில் ஸ்டான் கோஜியாடெக் தொடங்கிய நோட்யூப்ஸ் நிறுவனம், ரிம்மை நாடாவால் அடைத்து, லேசான டயருக்குள் ரப்பர் பாலை ஊற்றும் வழியைப் பரப்பியது. டயரின் எடை குறைந்தது, பராமரிக்கும் வேலை கூடியது. அந்த வேலை யார் தலையில் விழுந்தது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

பட்டறைக்காரர் வால்வு முனையைச் சிறு சாவியால் திருகி எடுத்தார். அதன் வாயில் ரப்பர் திரண்டு அடைத்திருந்தது. மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ஒன்றை வால்வு வழியே உள்ளே விட்டு வெளியே இழுத்தார். வண்டி எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் அதே முறை. பட்டையில் ஈரமே இல்லை. பிறகு கட்டைவிரல்களால் டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து அழுத்தி விலக்கினார். லீவர் போடவில்லை. "இரும்பு பட்டா உள்ள நாடா கிழிஞ்சிரும். நாடா கிழிஞ்சா ஸ்போக் ஓட்டை வழியா காத்து போகும். அப்புறம் எவ்வளவு பால் ஊத்தினாலும் நிக்காதுங்க." அவருடைய பையனும் அதைத்தான் கவனித்துக் கற்றுக்கொண்டிருந்தான்.

டயர் திறந்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறும் என்று எதிர்பார்த்தேன். அதுகூட இல்லை, அதுவும் பறந்துவிட்டிருந்தது. உட்சுவர் முழுக்கப் பாலாடை போல ஒரு படலம். நடுவே கடல்பாசிக் கொத்து மாதிரி முள்ளுமுள்ளாக உருண்டு திரண்ட ரப்பர்க் கட்டிகள். பையன் அதை விரலால் உரிக்க ஆரம்பித்தான். நீண்ட துண்டாக வந்தால் அவனுக்கு ஒரு சந்தோஷம். எனக்கும் கொஞ்சம் உரிக்கக் கொடுத்தான். உரிக்கத் தொடங்கினால் நிறுத்த மனம் வருவதில்லை.

அடுத்ததுதான் கவனம் வேண்டிய வேலை. உள்ளே கையை ஓட்டித் தேடக் கூடாது, துணியைச் சுருட்டி ஓட்ட வேண்டும். எங்கே துணி சிக்குகிறதோ அங்கே முள். அன்று சிக்கியவற்றில் பெரும்பாலானவை சீமைக் கருவேல முட்கள். வெளியே ஒடிந்து, கூர் மட்டும் டயருக்குள் பதிந்து நின்றன. ஒரு நெருஞ்சியும் இருந்தது. அமெரிக்க மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்கள் சபிக்கிற 'ஆட்டுத்தலை' முள்ளும் இதே நெருஞ்சிதான், அதே தாவரம். சீலன்ட் தொழிலுக்கு அது செய்திருக்கும் உபகாரத்தை யாராவது கணக்குப் பார்க்கலாம்.

திரும்ப மாட்டும்போது ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு முனை இல்லாமலே கம்ப்ரஸரில் காற்றை ஒரேயடியாக விட்டார். டயர் ரிம்மில் போய் உட்காரும்போது 'டப்', மறுபக்கம் இன்னொரு 'டப்'. பழகாதவர்கள் திடுக்கிடுவார்கள். பிறகு காற்றை இறக்கி, புட்டியை நன்றாகக் குலுக்கி (தூளெல்லாம் அடியில் தங்கிவிடும்), ஊசியில்லாத சிரிஞ்சில் பாலை அளந்து வால்வு வழியே ஏற்றினார். அகலமான மலை டயருக்கு 90 முதல் 120 மில்லி. சாலை டயருக்கு அதில் பாதி போதும். காற்றடித்து, சக்கரத்தைச் சுழற்றி, வாளியின் மேல் இரு பக்கமும் மாற்றி மாற்றிப் படுக்க வைத்தார். இரவு அப்படியே கிடக்கும். காலையில் காற்று இறங்கவில்லை என்றால்தான் கொடுப்பார்.

பைக்குகளுக்கு ஊற்றும் பஞ்சர் ஜெல்லை இதில் ஊற்றச் சொல்லிச் சிலர் வருவதுண்டு. அவர் முடியாது என்றுவிடுவார். அது நார் கலந்த கிளைக்கால் குழம்பு, இது ரப்பர் பால். ஒன்றில் மற்றொன்றைக் கலந்தால் உள்ளே என்ன ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கார்பன் டை ஆக்ஸைடு குப்பியால் காற்றேற்றுகிறவர்களையும் அவருக்குப் பிடிக்காது. அந்த வாயு பட்டால் பால் சீக்கிரம் திரண்டுவிடலாம் என்று சில சீலன்ட் நிறுவனங்களே எச்சரிக்கின்றன.

கூலி சொன்னதும் வாடிக்கையாளர் முகம் மாறியது. "வெறும் பால் ஊத்துறதுக்கா?" பட்டறைக்காரர் பதில் சொல்லவில்லை. உரித்துப் போட்ட குப்பையை மட்டும் முறத்தில் அள்ளிக் காட்டினார்.

இந்தப் பாலின் பிறப்பிடத்தைப் பார்க்காமல் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் போனேன். 1984இல் அமைந்த அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் அந்த மலையடிவாரத்தில் இருக்கின்றன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்கென்று வேலை கொடுத்த தோட்டங்கள் அவை. நான் பார்த்தது ஒரு சிறிய தனியார் தோட்டம். விடியுமுன்னே தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு ஒரு அக்கா பால் வெட்டினார். முதலில் முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை நீள இழையாக உரித்துக் கூடையில் போட்டார். பிறகு அதே தடத்தில், இடமிருந்து வலமாகச் சரிவாக, பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவினார். ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும், மேலோடு சீவினால் பால் வராது. சிரட்டையில் பால் சொட்டத் தொடங்கியது.

"அமோனியா விடலைன்னா மத்தியானத்துக்குள்ள கட்டியாயிரும்லா" என்றார். ரப்பர் ஷீட் அடிப்பதற்கென்றால் அமோனியா வேண்டாம், அமிலம் விட்டு அவர்களே உறைய வைப்பார்கள்.

காயத்தை அடைப்பதுதான் மரத்தில் பாலின் வேலை. வெட்டிய சில மணி நேரத்தில் பட்டையிலுள்ள பால்குழாய்களின் வாயில் ரப்பர் திரண்டு ஒழுக்கு நின்றுவிடும். அந்த அடைப்பை உரித்து மரத்தை மறுபடி ஒழுக வைப்பது அக்காவின் தொழில். அதே அடைப்பு முள் குத்தும் கணம்வரை நிகழாமல் பார்த்துக்கொள்வது பட்டறைக்காரரின் தொழில். இரண்டு பேருமே ஒட்டுப்பால் உரிக்கிறார்கள். அக்காவின் கூடையில் விழுவதற்காவது எடைக்கு விலை உண்டு. பட்டறையில் அது குப்பைக்குப் போகிறது.

ட்யூப்லெஸ் சைக்கிள் வைத்திருப்பவர்கள் மாதத்துக்கு ஒரு முறை சக்கரத்தைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். நிறுத்தும்போது வால்வை மேல்பக்கமாக வையுங்கள், பால் அதில் போய்த் தேங்காது. சத்தம் குறைந்தால் முழுக்கக் காயும் முன்னே ஐம்பது மில்லி ஏற்றிக்கொள்ளலாம், அதை வீட்டிலேயே செய்ய முடியும். காய்ந்தே போய்விட்டால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அங்கே அரை நாள் உட்கார்ந்து உரிக்கிறவரிடம் கூலியைப் பேரம் பேசாதீர்கள்.