தேரையைக் கவ்விய ரோஸி

ஐப்பசி, செவ்வாய் இரவு

மழை விட்டதும் காலடிப்பேட்டைத் தெருவிளக்குக்குக் கீழே ஈசல் கொட்டிக் கிடந்தது. ஈசலைத் தேடித் தேரை வந்தது, தேரையைத் தேடி எங்கள் நாய் ரோஸி போனாள். நான் கதவைத் திறப்பதற்குள் கவ்வித் துப்பியும் விட்டாள். கொஞ்ச நேரத்தில் வாயெல்லாம் நுரை. தலையை உதறுகிறாள், முன்னங்காலால் மூஞ்சியைப் பிறாண்டுகிறாள். ஈறு செக்கச்செவேல் என்றிருந்தது.

"வெறி புட்ச்சிக்கிச்சும்மா, கிட்ட போவாத!" என்று எதிர்வீட்டு ஆயா கத்த, அவர் பேரன் கட்டையோடு வந்துவிட்டான். மாடிவீட்டு அண்ணன், "கம்பெனி கேஸா இருக்கப் போவுது" என்றார். 2023 டிசம்பர் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஓடினார்களே, அன்றிலிருந்து இந்தப் பக்கம் எது மயங்கி விழுந்தாலும் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்குக் குற்றவாளி சாக்கடை ஓரமாக நகர்ந்துகொண்டிருந்தது.

மோட்டாரைப் போட்டு ஓஸ் பைப்பை இழுத்தேன். ரோஸியின் மூக்கு தரையைப் பார்க்கும்படி தலையைத் தாழ்த்திப் பிடித்து, கடைவாய் ஓரமாகத் தண்ணீரை மெதுவாக விட்டேன். உள்ளே போன தண்ணீர் வெளியேதான் வழிய வேண்டும். நேராகத் தொண்டைக்குள் அடித்தால் விஷமும் வயிற்றுக்குப் போகும், தண்ணீரும் நுரையீரலில் ஏறும். நடுநடுவே கையுறை மாட்டிக்கொண்டு ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் துடைத்து, துணியை அலசி, மறுபடி துடைத்தேன். பத்து நிமிடமாவது இப்படிச் செய்ய வேண்டும். பிறகு ஆட்டோ.

புதன்

வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை, 1903-லிருந்து இருக்கிற கல்லூரி. வடசென்னையில் நாயோ ஆடோ சுகமில்லை என்றால் முதலில் வாயில் வருகிற பெயர் அதுதான். டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெத்தை வைத்து வெகுநேரம் கேட்டார். எனக்கு நுரைதான் பயம், அவருக்கு இதயத் துடிப்பு.

தேரையின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் சுரப்பிகளில்தான் விஷம். அதுவாகப் பாய்ந்து கடிக்காது. பல்லில் அழுந்தினால் பால் மாதிரி கசியும், வாயின் மெல்லிய தோல் வழியாகவே உடம்பில் இறங்கும். அதில் உள்ள சில பொருட்கள் இதயத்தை ஆட்டிவைக்கும். அரளி விதையின் விஷம் வேலை செய்கிற அதே வழி. அரளி என்றால் என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நம்மூர்த் தேரையைக் கவ்விய பெரிய நாய் பெரும்பாலும் நுரை தள்ளி, ஒருமுறை வாந்தி எடுத்துத் தேறிவிடும். குட்டிகளுக்கும் சின்ன ஜாதிகளுக்கும்தான் ஆபத்து அதிகம். தள்ளாட்டம், வலிப்பு, மூச்சிரைப்பு, கண்பாவை விரிதல் என்று எது வந்தாலும் வீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் கூடாது.

வெள்ளி

டீக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம். பால் ஊற்று, எலுமிச்சை பிழி, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வை. மூன்றும் வேண்டாம். வலிப்பு வரப்போகிற நாயின் வாயில் எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழாயில் போய் நிற்கும்.

கட்டையோடு வந்த பையனை மட்டும் நான் திட்டவில்லை. நுரை தள்ளுகிற நாயைக் கண்டால் பயப்படத்தான் வேண்டும். ரோஸி வருஷம் தவறாமல் வெறிநாய்த் தடுப்பூசி போட்டவள், தேரையை அவள் கவ்வியதை நானே பார்த்தேன். அதனால்தான் வாயருகே கை கொண்டுபோனேன். காசிமேட்டு மீன் ஏலக்கூடத்தில் திரிகிற நாய் நுரை தள்ளினால் நான் கிட்டவே போக மாட்டேன், மாநகராட்சிக்குத்தான் போன் போடுவேன். பூச்சிமருந்து தின்ற நாயும் எச்சில் ஒழுகத்தான் நிற்கும். தெருவில் நின்று பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி.

ஞாயிறு

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தபோது மடகாஸ்கர் நினைவு வந்தது. அங்கே தோமாசினா துறைமுகத்தைச் சுற்றி நம் தெருவில் குதிக்கிற இதே இனத் தேரை பரவிவிட்டது 2014-இல் உலகத்துக்குத் தெரியவந்தது. தென்கிழக்காசியாவிலிருந்து சரக்கோடு சரக்காகக் கப்பலேறிப் போயிருக்கும் என்கிறார்கள். இங்கே சாரைப்பாம்பு தேரையை விழுங்கிவிட்டுப் பேசாமல் போகும். அங்கத்திய பிராணிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது. கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935-இல் ஆஸ்திரேலியா இறக்கிய தேரை வேறு இனம், உருவிலும் விஷத்திலும் இதைவிடப் பெரியது. இணையத்தில் நாய் செத்த கதை படித்துக் கலங்குகிறவர்கள், அந்தக் கதை எந்த ஊர்த் தேரையைப் பற்றியது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆயா இன்று ஒரு தேரையைத் துடைப்பத்தால் அடிக்கப் போனார். தேரை பட்டால் குழந்தை இளைத்துப்போகும் என்பது அவர் காலத்து நம்பிக்கை. கரப்பானையும் கரையானையும் காசு வாங்காமல் தின்கிற ஜீவன் ஆயா அது, விட்டுடு என்றேன். முறத்தில் ஏந்திக் காலிமனையில் விட்டோம், கையைக் கழுவிக்கொண்டோம்.

கார்த்திகை முடியும்வரை மழை உண்டு. அதுவரை விளக்கு வைத்தபின் நாயைக் கயிறில்லாமல் வெளியே விடாதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தை ராத்திரி உள்ளே எடுத்துவையுங்கள், தேரை அதில் இறங்கி உட்காரும். தடுப்பூசிச் சீட்டையும் ஒருமுறை எடுத்துத் தேதி பாருங்கள்.